அலகுக் காயம் என்று எழுதிக் கொடுத்தேன்

1

சென்ற வாரம் மலாக்கா நகரில் ஒரு கூட்டத்தில் பேசினேன். இங்கே மலேசியாவில் சிறு ஊர்களில் கிளினிக் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், வருடத்தில் இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தோம் என்று காட்டினால்தான் மறு வருடத்துக்கான தொழில் உரிமம் கிடைக்கும். அந்த மணி நேரத்தைச் சேர்ப்பதற்கென்றே இப்படிப்பட்ட கூட்டங்கள் நடக்கும். சும்மா சொல்லக் கூடாது, மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். இந்த முறை தோல் நோய்ப் பிரிவு மருத்துவர் என்னையே பேசச் சொல்லிவிட்டார். அகதிகளாக வருபவர்களின் உடம்பில் வெளிநாட்டிலிருந்து வரும் தோல் ஒட்டுண்ணி நோய்களை அடையாளம் காண்பது எப்படி என்பது தலைப்பு. நான் அடையாளம் கண்ட லட்சணத்தை உங்களுக்குத்தான் சொல்லப்போகிறேன்.

பத்துப் படங்கள் காட்டினேன். விரலிடுக்கில் சொறிசிரங்கு, பாதத்தில் புழு ஊர்ந்த தடம், பிறகு ஓர் ஆணின் இடது கன்னம், அடுத்து ஒரு சிறு பெண்ணின் முன்கை. பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு சீன மருத்துவர் கை தூக்கினார். வயது முப்பதுகூட இருக்காது. முதல் தடவை பார்த்ததற்கும் நோயைக் கண்டுபிடித்ததற்கும் இடையில் மூன்று மாதம் இருக்கிறதே, ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நோயாளியிடம் விவரம் கேட்டதில் குறை என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ குடிக்கப் போய்விட்டோம்.

அந்தக் குறை என்னவென்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. அலகு குத்துவது என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

2

நான் ஜாசினுக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. மலாக்கா நகரிலிருந்து அரை மணி நேரத் தூரம். பசார், பள்ளிக்கூடம், பஸ் நிலையம், சுற்றிலும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். கடை வரிசையில் ஓர் ஓரத்தில் எங்கள் கிளினிக். கணவர் இந்த மண்ணில் பிறந்தவர். தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க வந்த இடத்தில் என்னைப் பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், கூட்டி வந்துவிட்டார். அதற்கு முன்பு கோவில்பட்டிப் பக்கம் தொழுநோய் ஒழிப்புப் பணியில் நான்கு வருடம் இருந்தேன். ஜீப்பில் கிராமம் கிராமமாகப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்போம். வெளிறிய தேமல் கண்டால் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்போம். காது மடலை லேசாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போவோம். அந்த நாளில் என் கண்ணுக்குத் தப்பிய தேமல் இல்லை என்று ஒரு பெருமை எனக்கு உண்டு. அது இந்த வருடம் வரைக்கும் இருந்தது.

வந்த புதிதில் மலாய் தெரியாது. தோல் அரிப்புக்கு இங்கே ‘காத்தால்’ என்பார்கள். மஸ்ஜித் தானாவிலிருந்து மனைவியோடு வந்த ஒரு மலாய்ப் பெரியவரிடம், "நீங்க காத்தாலா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், பெரியவர் கூரையைப் பார்க்கிறார். ஓர் ஆளைப் பார்த்து அப்படிக் கேட்டால், நீங்கள் பெண் பித்தரா என்று கேட்டதாக அர்த்தம் என்பதை என் உதவியாளர் புஷ்பா பிறகு சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டேன். அதிலிருந்து யாரிடமும் எதையும் நேராகக் கேட்கப் பயம் வந்துவிட்டது.

குடிநுழைவு அலுவலகம் இன்னொரு பாடம். நிரந்தரவாசி அட்டை கைக்கு வருகிற வரைக்கும், விசா புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கணவரோடு போய் நிற்க வேண்டும். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள். யாரும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. கேட்பது அவர்கள் வேலை. ஆனாலும் பிள்ளை பெற்று, பள்ளியில் சேர்த்து, வீட்டுக்கடன் வாங்கிய பிறகும் எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். என் கிளினிக்கில் யாரையும் அந்தக் கேள்வி கேட்பதில்லை என்று நானாகவே ஒரு விரதம் வைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், இந்தக் கதையில் உண்மையாக விரதம் இருந்த ஆள் நான் ஒருத்திதான்.

3

ரூபன் முதல் தடவை வந்தது மார்ச் மாதம். தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் போயிருந்தது. முப்பத்தைந்து வயது, ஒல்லி, சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது. பதிவு மேசையில் அகதி அட்டையைக் காட்டினார், புஷ்பா எண்ணைக் குறித்துக்கொண்டாள். இடது கன்னத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண். விளிம்பு மேடு கட்டியிருந்தது, நடுவில் பொருக்கு. பொருக்கைச் சுற்றித் திருநீறு படிந்திருந்தது.

நான் கையுறை மாட்டுவதற்குள் புஷ்பா எட்டிப் பார்த்தாள். அவள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அண்ணன்மார் மூன்று பேரும் காவடி எடுப்பவர்கள்.

"அலகு குத்துன எடம்போல இருக்கு டாக்டர். பழுத்துப் போச்சு லா."

எனக்கும் அதுவேதான் தோன்றியது. கன்னம், திருநீறு, தைப்பூசம் முடிந்த மாதம், தமிழ் முகம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அலகு குத்தினீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், புஷ்பாவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

"பத்துமலையிலயா?"

"ஓம்."

கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே அதற்குள் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த ‘ஓம்’ கேட்டதும் இலங்கைக்காரர் என்று தெரிந்துவிட்டது. மலாக்காவில் யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆசிரியர், கணக்காளர், என்னைவிட மூத்த மருத்துவர்கள் என்று நல்ல நிலையில் இருப்பவர்கள். இவர் அவர்களில் ஒருவர் இல்லை, அண்மையில் வந்தவர் என்பதை அட்டையே சொன்னது. எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று எத்தனை மேசையில் இவரைக் கேட்டிருப்பார்கள், நானும் கேட்க வேண்டுமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. நம் ஆள், நம் சாமி, நம் வேண்டுதல் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. மாத்திரையும் களிம்பும் கொடுத்து அனுப்பினேன்.

அனுப்புவதற்கு முன் வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். அரிக்கிறதா, இல்லை. ஒரு மாதமாகப் பழுத்த புண் வலிக்காமல் இருக்குமா என்று மூன்றாம் வருட மாணவன்கூட யோசிப்பான். நான் நோயாளி அட்டையில் ‘வலி இல்லை’ என்று சுத்தமாக எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். புண் அப்படியே இருந்தது. வேறு மாத்திரை எழுதினேன். எழுந்து போகும்போது கதவருகே நின்றார்.

"டொக்டர், இது அலகுக் காயம் எண்டு ஒரு துண்டு எழுதித் தருவீங்களோ?"

"யாருக்கு?"

"நாங்கள் இருக்கிற தோட்டத்தில கோயில் தலைவருக்கு. ஒரு வீடு காலியா இருக்கு. முகத்தில இதைப் பார்த்திட்டு யோசிக்கினம்."

கிளினிக் பெயர் அச்சடித்த தாளில், இன்னாருக்குக் கன்னத்தில் இருப்பது அலகு குத்திய காயத்தில் ஏற்பட்ட புண், சிகிச்சை நடக்கிறது என்று தமிழிலேயே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். தமிழில் மருத்துவக் கடிதம் எழுத எத்தனை நாளைக்கு ஒரு வாய்ப்பு வருகிறது? கையெழுத்தைக்கூட அழகாகப் போட்டேன்.

4

ஜூன் மாதம் அவர் மனைவி கலா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆரணிக்கு ஆறு வயது. இருமல், லேசான காய்ச்சல். நடுப்பகல் வெயிலில் பிள்ளைக்கு மணிக்கட்டு வரைக்கும் கை மூடிய சட்டை. எடை பார்க்க மேடையில் நிற்க வைத்த புஷ்பா, "கொதிக்குது பாப்பாவுக்கு" என்று சட்டைக் கையைச் சுருட்டினாள். கலா சட்டென்று தடுத்தாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

வலது முன்கையில், முழங்கைக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. விளிம்பு மேடு, நடுவில் பொருக்கு. தகப்பன் கன்னத்தில் இருந்ததன் குட்டி.

 பழைய பழக்கத்தில் பஞ்சை எடுத்துக் கட்டியைத் தொட்டேன். "கூசுது" என்று பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். உணர்ச்சி இருக்கிறது. தொழுநோய் இல்லை. வலிக்கிறதா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இவளும் அலகு குத்திக்கிட்டாளாம்மா?" என்று கலாவிடம் கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

கலா தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் அலகே குத்தேல்லை டொக்டர்."

"எந்த ஊரு நீங்க? எப்ப வந்தீங்க?"

இருபத்தேழு வருடமாகக் கேட்காத கேள்வி அன்று வாயிலிருந்து வந்தது. கலா கைப்பையைத் திறந்து மூன்று அகதி அட்டைகளையும் எடுத்து, மேசையில் எனக்கு நேராக வரிசையாக வைத்தாள்.  நான் அட்டைகளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். இது அதற்கில்லை அம்மா, நோயைக் கண்டுபிடிக்கக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு.

பிறகு சொன்னாள். வவுனியாவுக்கு வடக்கே, காட்டோரக் கிராமம். போன அக்டோபரில் இங்கே வந்தார்கள். வந்து ஒரு மாதத்தில் ரூபனின் கன்னத்தில் பரு மாதிரி ஒன்று கிளம்பியது. பிள்ளைக்குப் பிறகு வந்தது. முதலில் மலாக்கா நகருக்குப் பக்கத்தில் குருபோங்கில், தொழிற்சாலை ஆட்களோடு ஓர் அறையில் இருந்தார்கள். கன்னத்துப் பரு புண்ணானதும் கூட இருந்தவர்கள் தட்டைத் தனியாக வைத்தார்கள். அறைக்காரர் தொற்றுநோய் என்று வெளியே போகச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் தெரிந்த ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று வாரம் படுத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ரூபன் என்னிடம் வந்திருக்கிறார்.

"இது என்னவா இருக்கும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"தெரியும் டொக்டர். எங்கட பக்கம் கன பேருக்கு வந்தது. மணல் ஈ கடிச்சு வாறது எண்டு சொல்லுவினம். காம்பில இருந்த ஆமிக்காரருக்கும் இருந்தது. ஆஸ்பத்திரியில கிழமைக்கு ஒருக்கா புண்ணுக்குள்ளயே ஊசி போடுவினம். பக்கத்து வீட்டு அண்ணைக்கு அப்பிடித்தான் மாறினது."

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்கள் கேக்கேல்லையே டொக்டர்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

5

மணல் ஈ என்பது கொசுவைவிடச் சின்னது. அது கடிக்கும்போது ஓர் ஒட்டுண்ணி தோலுக்குள் போகிறது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துக் கட்டி கிளம்பி, புண்ணாகி, வலியில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். முகம், கை, கால் என்று உடை மூடாத இடத்தில்தான் பெரும்பாலும் வரும். ஆளிலிருந்து ஆளுக்குத் தொட்டால் ஒட்டாது. தட்டைத் தனியாக வைத்தவர்கள் வீணுக்கு வைத்தார்கள். இங்கத்து மருத்துவர்கள் இதைப் பாடத்தில் படித்திருப்பார்கள், கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் ஒரு மலாய் மருத்துவரோ சீன மருத்துவரோ ரூபனைப் பார்த்திருந்தால், இது என்ன, எப்போது வந்தது, நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டிருப்பார்கள். அலகு என்று முடிவு கட்டத் தமிழச்சியாக இருந்தால்தான் முடியும்.

மறுநாள் ரூபனை வரச் சொன்னேன். இருவருக்கும் புண்ணின் விளிம்பைக் கிள்ளிப் பிடித்து, லேசாகக் கீறி, கசிந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவினேன். ஜீப் காலத்து வேலை, கை மறக்கவில்லை. நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது, இரண்டிலும் ஒட்டுண்ணி இருக்கிறது என்று.

பிறகு காகிதப் படலம். அட்டைகளின் நகல், என் பரிந்துரைக் கடிதம், பிள்ளைக்குத் தனிப் படிவம். படிவத்தில் குடிமகன், நிரந்தரவாசி, வெளிநாட்டவர் என்று மூன்று கட்டம் இருந்தது. நான் நடுக் கட்டம், அவர்கள் மூன்றாவது. பதிவு மேசையில் இருந்த பெண் நல்லவள், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள். கூடவே, "எப்போது வந்தீர்கள்?" என்று மலாயில் கேட்டாள். ரூபன் முழித்தார். நான் மொழிபெயர்த்தேன். அவருக்காக நானே பதில் சொல்லிவிடாமல் காத்திருந்தேன்.

வாரம் ஒரு ஊசி, புண்ணின் விளிம்பிலேயே போட வேண்டும். வலிக்கும். ஆரணி முதல் ஊசிக்கு மருத்துவமனையையே கூட்டிவிட்டாளாம். ஊசி போட்ட பிறகு தகப்பனுக்குக் கன்னத்தில் ஒட்டு, மகளுக்குக் கையில் கட்டு.

அந்தக் கட்டுதான் விவகாரமாகிவிட்டது.

6

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ரூபன் கிளினிக்குக்கு வந்தார். கூட்டம் போகட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து கடைசியாக உள்ளே வந்தார்.

அவர்கள் குடியிருப்பது கோயிலுக்குப் பின்னால், பண்டாரத்துக்கென்று கட்டிய வீடு. பண்டாரம் போய் வருடக்கணக்காகிறது, சாவி தலைவரிடம் இருந்தது. என் கடிதத்தைக் காட்டித்தான் ரூபன் அந்தச் சாவியை வாங்கியிருக்கிறார். முருகனுக்காகக் கன்னத்தைக் கொடுத்தவன் கோயில் வீட்டில் இருந்தால் என்ன என்று ஆரம்பத்தில் எல்லோரும் நல்லபடி பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியருகே பெண்கள் கலாவுக்கு இடம் விட்டார்கள். மாதம் போகப் போகப் பேச்சு மாறியது. அலகு குத்திய இடம் நாலு நாளில் மூடிக்கொள்ளும், தழும்பே தெரியாது, இவனுக்கு ஏன் இன்னும் ஆறவில்லை, விரதத்தில் ஏதோ அசுத்தம் என்றார்கள். இப்போது பிள்ளைக் கையிலும் கட்டு. பிள்ளையும் அலகு குத்தியதா என்று கோயில் கமிட்டியில் கேட்கிறார்கள். நான் கேட்ட அதே கேள்வி.

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடலாம். தொட்டா ஒட்டாதுன்னு நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

"வேண்டாம் டொக்டர். குருபோங்கிலயும் ஒட்டாது எண்டுதான் நான் சொன்னனான். ஆர் கேட்டது? வெளிநாட்டு நோய், வருத்தம் எண்டா அண்டைக்கே சாவியைக் கேப்பினம். இன்னும் கொஞ்ச நாளில காஞ்சிடும். அதுவரைக்கும் அந்தத் துண்டு அப்பிடியே இருக்கட்டும்."

"அது பொய்யில்லையா ரூபன்?"

 அவர் கோபப்படவில்லை.

"அலகு எண்டு நான் சொல்லேல்லை டொக்டர். நீங்கள்தான் சொன்னீங்கள்."

என் தப்பு அவருக்குக் கூரையாக இருக்கிறது. அதை நான் திருத்தினால் கூரை போய்விடும். திருத்தாவிட்டால், பொய்யென்று தெரிந்த ஒரு கடிதம் என் முத்திரையோடு ஊருக்குள் சுற்றும். அவர் நோயை அவர் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்லவும் முடியாது. யோசித்துச் சொல்லுங்கள், நீங்கள் சம்மதித்தால் நானே வந்து பேசுகிறேன் என்று அனுப்பினேன்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகளிடம் ஃபோனில் சொன்னேன். பெயர் சொல்லாமல்தான். அவளுடன் பேசுவது இப்போதெல்லாம் ஞாயிறு காலைக்கு என்று ஒதுங்கிவிட்டது. நான் தமிழில் பேசுவேன், அவள் மூன்று மொழியில் பேசுவாள்.

"நம்ம ஆளுன்னு நெனச்சு ஏமாந்துட்டேன்டி."

"அம்மா, அவரு உங்க ஆளு இல்ல லா. உங்க பேஷண்ட். அவ்ளோதான்."

"அவரக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் கேக்கல."

"அவருக்காகவா கேக்கல? நீங்க இன்னும் அந்த இமிகிரேஷன் கவுண்டர்லயே நிக்கிறீங்கமா. ஓகே லா, எனக்கு மீட்டிங் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்கோ. எரிச்சலாக இருந்தது. அவள் சொன்னது சரிதான் என்பதால் வந்த எரிச்சல் அது.

7

ரூபன் பத்து நாள் கழித்துச் சம்மதித்தார். தண்ணீர்த் தொட்டியருகே ஆரணியோடு விளையாட வந்த பிள்ளையை அதன் தாய் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். "எப்பிடியும் போகச் சொல்லப் போகினம். நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கோ" என்றார்.

ஒரு ஞாயிறு காலை நானே காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். செம்பனைக்கு நடுவில் ஒரு வரிசை வீடுகள், முடிவில் கோயில். தலைவர் சுப்பையா என் நோயாளிதான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்கு மாதா மாதம் வருவார். கோயில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. சீனிய கொறைச்சுட்டேன், அதப் பாக்கவா வந்தீங்க?"

"அதுக்கில்ல தலைவரே."

ரூபன் வந்து சற்றுத் தள்ளி நின்றார். தலைவர் இன்னொரு நாற்காலியைக் காலால் நகர்த்தி அவரை உட்காரச் சொன்னார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், உள்ளே போய்க் கோயில் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

"நான் எழுதினது தப்பு" என்றேன். "அது அலகுக் காயம் இல்ல. ஒரு பூச்சி கடிச்சு வர்ற புண்ணு. இவங்க ஊர்லயே கடிச்சது. பிள்ளைக்கும் அதுதான். தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. மருந்து கேக்குது, ரெண்டு பேருக்கும் ஆறிட்டு வருது. அலகுன்னு முதல்ல சொன்னது நான்தான், இவரு இல்ல."

தலைவர் கடிதத்தை மடியில் வைத்து, உறையின் சுருக்கத்தை விரலால் நீவினார். ரூபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  இத்தனை வருடத்தில் எந்த மேசைக்கு முன்னாலும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

"கன்னத்துல அலகு போட்டா இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வரும், டாக்டரம்மா. ரெண்டு கன்னத்துலயும் ஓட்டை இருக்கணும். இவனுக்கு ஒரு பக்கந்தானே புண்ணு? முப்பது வருசமா இந்தக் கோயில்ல நான்தான் குத்தி விடுறேன். எனக்கா தெரியாது?"

 ஊரில் எத்தனை பங்குனி உத்திரம் பார்த்திருப்பேன். மூன்று மாதம் அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மறு கன்னத்தை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுமா வீடு குடுத்தீங்க?"

"உங்க லெட்டரப் பாத்துதான் குடுத்தேன். நீங்க ஊர்க்காரங்க, அலகெல்லாம் பாத்தவங்க. ஒத்தப் பக்கப் புண்ணப் பாத்து அலகுன்னு எழுதுறீங்கன்னா, தெரியாமலா எழுதுவீங்க? பொண்டாட்டி புள்ளையோட போக எடம் இல்லாத ஆளு, வேற என்னா எழுதுனாலும் கோயில்காரனுங்க ஏத்துக்க மாட்டானுங்கன்னு மனசு வச்சு எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். படிச்ச அம்மாவே ஒருத்தனுக்காகப் பொய் எழுதும்போது, நான் சாவிய வச்சுக்கிட்டு என்னா செய்யப் போறேன்? கமிட்டில நாலு பேரு கத்துனானுங்க. இந்த லெட்டரக் காட்டித்தான் வாய அடச்சு வச்சிருக்கேன்."

ரூபன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தலைவர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"புதுசா ஒண்ணு எழுதுங்க" என்றார் என்னிடம். "தொட்டா ஒட்டாது, ஆறிடும், அவ்ளோ போதும். சாப் குத்திக் குடுங்க. புதன்கிழமை கமிட்டில நான் படிக்கிறேன். வீடு குடுத்தது குடுத்ததுதான். அதுல மாத்தம் இல்ல."

கைப்பையில் தாளும் முத்திரையும் கொண்டு போயிருந்தேன். நாற்காலிக் கையில் வைத்து எழுதினேன். தலைவர் புதிய கடிதத்தை ஒரு முறை வாய்க்குள் படித்துவிட்டு உறைக்குள் வைத்தார். பழையதை வெளியே எடுத்து விரித்து, என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத நீங்க எரக்கப்பட்டு எழுதலியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ரூபன் பக்கத்தில்தான் இருந்தார், அவரும் மறுத்திருக்க மாட்டார்.

"இல்ல தலைவரே" என்றேன். "சரியாப் பாக்காம எழுதிட்டேன்."